திரைச்சீலை, தொப்பி, மாலிஷ்

தெருவில் என் வாடிக்கையாளர் எதிரே வந்தால் நான் அவரைப் பார்க்க மாட்டேன். அவரும் என்னைப் பார்க்க மாட்டார். எட்டு வருடமாக மாதம் ஒருமுறை அவர் தலையைத் தொட்டு வேலை செய்கிறவள் நான். ஆனாலும் பேருந்தில் பக்கத்து இருக்கையே கிடைத்தாலும், முன்பின் தெரியாதவர்கள் மாதிரி ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டுதான் போவோம். இதில் யாருக்கும் மனவருத்தம் கிடையாது. விக் செய்கிறவளோடு ஒருவர் நின்று பேசினால், பார்க்கிறவர்கள் கண் முதலில் அவர் தலைக்குத்தான் போகும்.

டோப்பா என்று சொன்னால் எனக்குக் கோபம் வரும். டோப்பா என்பது நாடகத்தில் ராஜாவுக்கு வைப்பது. நான் செய்வது தலைமுடி. மெல்லிய வலையில் ஒவ்வொரு முடியாகக் கொக்கி ஊசியால் இழுத்து முடிச்சுப் போட வேண்டும். நெற்றியோரத்தில் ஒரு கண்ணிக்கு ஒரே ஒரு முடி, பின்னால் போகப் போக இரண்டு, மூன்று. ஒரு தலைக்கு ஐந்து வாரம் பிடிக்கும். வகிடு மட்டும் நான்கு நாள்.

அதோடும் வேலை முடியாது. வருடத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு தலையிலும் எட்டுப் பத்து நரை சேர்ப்பேன். ஆளுக்கு வயது ஏறிக்கொண்டே போக, முடி மட்டும் அப்படியே கருகருவென்று நின்றால் மூன்றே வருடத்தில் குட்டு வெளிப்பட்டுவிடும். யாருக்குக் காதோரம், யாருக்கு உச்சி, யாருக்கு வகிட்டோரம் என்பதெல்லாம் என் நோட்டில் இருக்கிறது. பெயர் மட்டும் இருக்காது. செக்கர், டீச்சர், பாட்டுக்காரம்மா என்று பட்டப்பெயர், பக்கத்தில் தலை அளவு, அவ்வளவுதான். அந்த நோட்டு யார் கையில் கிடைத்தாலும் தலையும் புரியாது, வாலும் புரியாது.

இந்த நாட்டுக்கு நான் வந்தது முதலாளியம்மா எடுத்துக்கொடுத்த விசாவில். அவர் கடையில் வேலை செய்கிற வரைக்கும்தான் அது செல்லும். என் விசாவைப் பிடித்துக்கொண்டுதான் வீட்டுக்காரரும் மகளும் இங்கே இருக்கிறார்கள். அவருக்கு மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை. மகள் பத்தாம் வகுப்பு, பொதுத்தேர்வுக்கு இன்னும் மூன்று மாதம். இந்த நிலைமையில்தான் முதலாளியம்மா ஒரு நாள் காலை டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்.

"எனக்கு முட்டி ஒத்துழைக்கல. கடையை மூடிட்டு மகன்கிட்ட போயிடறேன். வாடிக்கையெல்லாம் நீயே வச்சுக்க."

வாடிக்கையைக் கொடுத்தார். விசாவைக் கொடுக்க அவரால் முடியாது. மாதக் கடைசிக்குள் நான் சுயதொழில் விசா வாங்கியாக வேண்டும். இல்லாவிட்டால் முப்பது நாளில் மூன்று பேரும் பெட்டியைக் கட்ட வேண்டும், மகள் தேர்வை எழுதாமலே.

விண்ணப்பம் இருபத்திரண்டு பக்கம். ஐந்து வருடத்தில் உங்கள் தொழில் எப்படி வளரும் என்று ஒரு கேள்வி. நான் பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, "மாசம் அரை அங்குலம்னு எழுது" என்றார் வீட்டுக்காரர். அவருக்கு எந்த நேரத்தில் என்ன பேசுவது என்று தெரியாது. சமையலறைக்குப் பக்கத்து அறையைப் படம் எடுத்து, ஊசி, வலை, சீப்பு, விக்கை மாட்டி வேலை செய்கிற தலைக்கட்டை எல்லாவற்றுக்கும் பட்டியல் போட்டு ஒட்டினோம். கடைசிப் பக்கத்தில்தான் சிக்கல் இருந்தது. மூன்று வாடிக்கையாளர்கள் தங்கள் பெயர், முகவரியோடு, இவர் எங்களுக்கு வேலை செய்கிறார், இனியும் இவரிடமே வேலை கொடுப்போம் என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். அவர்களே உறையை ஒட்டி, ஒட்டின இடத்தில் குறுக்கே ஒரு கையெழுத்தும் போட வேண்டும். விண்ணப்பிக்கிறவர் பிரிக்கக் கூடாது.

தயங்கித் தயங்கித்தான் கேட்டேன். ஆனால் மூன்று பேரும் மறுக்கவில்லை. டீச்சர் மறுநாளே கொடுத்துவிட்டார். செக்கர் பேருந்து நிலையத்தில், என்னைத் தெரியாதவர் மாதிரியே, டிக்கெட் சோதிக்கிற சாக்கில் உறையைக் கையில் திணித்துவிட்டுப் போனார். பாட்டுக்காரம்மா தபாலில் அனுப்பினார். நானும் பெரிய பாரம் இறங்கிவிட்டதென்று, ஒட்டின உறையை ஒட்டினபடியே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தேன்.

பத்து நாளில் நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள்.

அலுவலகம் நான்காவது மாடியில். அதிகாரியம்மாவின் மேசையில் ஒரு கணினி, ஒரு முத்திரைப் பெட்டி, பாதி குடித்த தண்ணீர் பாட்டில். யாரைப் பார்த்தாலும் எனக்கு முகத்துக்கு முன்னால் தலையின் சுற்றளவுதான் கண்ணில் படும். இவருக்கு ஐம்பத்தாறு சென்டிமீட்டர். சொந்த முடி, நல்ல அடர்த்தி. உட்காருவதற்குள் மனதுக்குள் பெயர் வைத்தாகிவிட்டது: ஐம்பத்தாறு.

இருபது பக்கம் வரை ஒரு தடங்கலும் இல்லை. பிறகு ஸ்கேலால் முதல் உறையைக் கிழித்து, தனக்குள் படிக்க ஆரம்பித்தவர், பாதியில் சத்தமாகப் படித்தார்.

"'எட்டு வருடமாக இவர் எங்கள் வீட்டுத் திரைச்சீலைகளைத் தைத்துத் தருகிறார். இவர் தைத்த திரை இல்லாமல் என்னால் பள்ளியில் தலைகாட்டவே முடியாது.'"

ஐம்பத்தாறு என்னை நிமிர்ந்து பார்த்தார். அவர் இரண்டாவது உறையைக் கிழித்தார்.

"'இவர் செய்துகொடுத்த தொப்பியை அணிந்துதான் என் மகள் திருமணத்தில் நிமிர்ந்து நின்றேன். எவ்வளவு காற்று அடித்தாலும் பறக்காது. மோட்டார் சைக்கிளில் போய் நானே சோதித்திருக்கிறேன்.'"

மூன்றாவதை முதல் வரியோடு நிறுத்திவிட்டு மூன்று கடிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"இவங்க நீங்க மாலிஷ் பண்றீங்கங்கறாங்க. திரைச்சீலை, தொப்பி, மாலிஷ். விண்ணப்பத்துல விக். நீங்க மொத்தம் எத்தனை பேரும்மா?"

இந்தப் பொய் மூன்றையும் சொல்லிக்கொடுத்தவள் நான்தான். அளவெடுக்க, ஒட்ட, சரிசெய்ய என்று மாதம் ஒருமுறை வீடுகளுக்குப் போக வேண்டியிருக்கும். அக்கம்பக்கத்தில், சில சமயம் அந்த வீட்டு மனிதர்களே, இந்தப் பெண் யார், எதற்கு வருகிறாள் என்று கேட்பார்கள். அதனால் ஆளுக்கொரு காரணம் பேசி வைத்துக்கொள்வது எங்கள் வழக்கம். டீச்சர் வீட்டில் நான் திரைச்சீலை தைக்கிறவள். சும்மா பேருக்கு இரண்டு ஜன்னலுக்குத் தைத்தும் கொடுத்திருக்கிறேன், கோணல்மாணலாக. செக்கர் வீட்டில் சீருடைத் தொப்பிக்கு உள்பட்டை மாற்றுகிறவள். பாட்டுக்காரம்மா வீட்டில் கழுத்து வலிக்கு மாலிஷ். யார் கேட்டாலும் இதையே சொல்லுங்கள், மாற்றிச் சொன்னால் மாட்டிக்கொள்வோம் என்று தலைதலையாக அடித்துக்கொண்டு சொன்னவள் நான். சொன்ன சொல் தவறாமல் அரசாங்கத்திடமும் அதையே எழுதிவிட்டார்கள் அந்தப் புண்ணியவான்கள்.

"என்னன்னு சொல்லுங்க" என்றார் ஐம்பத்தாறு. "இதுக்கு ஏதாவது காரணம் இருக்கும் இல்ல?"

காரணம் ஒரே ஒரு வரி. சொல்லியிருந்தால் அந்த நிமிடமே வேலை முடிந்திருக்கும். ஆனால் மூன்று கடிதத்திலும் பெயரும் முகவரியும் இருக்கிறதே. நான் வாயைத் திறந்தால், கணினியில் மூன்று பெயருக்கு நேரே மூன்று வழுக்கைத் தலை ஏறிவிடும். டீச்சர் முதல் தடவை வந்தபோது கதவைத் தாழ்ப்பாள் போட்டுவிட்டு, இரண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு, அப்புறம்தான் ஸ்கார்ஃபைக் கழற்றினார். "என் பையன்கூட இதைப் பார்த்ததில்லம்மா" என்றார். நான் யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று அவர் கையைப் பிடித்துச் சொன்னேன். அதில் விசா அலுவலகம் தவிர என்று எங்கேயும் இல்லை.

"அவங்க நல்லவங்க மேடம். எனக்கு நல்லது நினைச்சுத்தான் எழுதினாங்க. நான் விக் செய்யறேன். செஞ்சதைக் காட்டுவேன். யாருக்கு செஞ்சேன்னு மட்டும் என் வாயால வராது."

"ஒண்ணு விண்ணப்பம் பொய்யா இருக்கணும், இல்ல கடிதம் பொய்யா இருக்கணும். ரெண்டுல எதுவா இருந்தாலும் நான் நிராகரிக்கத்தான் முடியும்." கொஞ்ச நேரம் ஸ்கேலை உருட்டிக்கொண்டிருந்தார். அவர் கெட்டவர் இல்லை, அது எனக்கே தெரிந்தது. "வெள்ளிக்கிழமை மூணு மணி வரைக்கும் ஃபைலை மூடாம வச்சிருக்கேன். ஒத்துப்போற மாதிரி ஏதாவது கொண்டுவாங்க."

வீட்டுக்கு எப்படி வந்து சேர்ந்தேன் என்று தெரியாது. சாயங்காலம் வீட்டுக்காரர் வந்ததும் எல்லாவற்றையும் கொட்டினேன். திரைச்சீலைக்கு லேசாகச் சிரித்தார். தொப்பிக்குச் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டார். மாலிஷுக்கு வந்தபோது அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

"சொல்லிட வேண்டியதுதானே? அந்தம்மா என்ன ரேடியோலயா போடப் போறாங்க? ஆபீஸ் ஃபைல்ல கிடக்கும்."

"ஃபைலை எத்தனை பேர் பார்ப்பாங்க? நாளைக்கு செக்கர் அண்ணன் வீட்டுக்கு யாராவது விசாரிக்கப் போனா? அவர் சம்பந்தி வீட்டுக்கே தெரியாதுங்க."

பேசாமல் படித்துக்கொண்டிருந்த மகள் புத்தகத்தை மூடினாள்.

"அவங்க முடி முக்கியமா, நாங்க முக்கியமாம்மா? மூணு வருஷமா இந்தப் பரீட்சைக்குத்தான் படிக்கறேன்."

அவள் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. நான் அறைக்குள் போய், பாதியில் நிற்கிற ஒரு விக்கை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு இருபது முடிச்சுப் போட்டேன். இருபதையும் பிரிக்க வேண்டியிருந்தது. உண்மையைச் சொல்வதானால், அன்று எனக்கு என் தொழில் மேலேயே வெறுப்பு வந்தது. இட்லி சுட்டு விற்றிருந்தால் நூறு பேர் எழுதிக்கொடுத்திருப்பார்கள்.

மறுநாள் காலை கொஞ்சம் தெளிந்தது. நடப்பது நடக்கட்டும், வாடிக்கையாளர்களை அந்தரத்தில் விட்டுவிட்டுப் போகக் கூடாது என்று தோன்றியது. ஒவ்வொருவருக்கும் மாற்றி அணிய ஒரு விக் என்னிடம் கழுவிப் போட இருக்கும். அதை வாங்கிக்கொள்ளச் சொல்லி மூன்று பேருக்கும் போன் செய்தேன்.

முதலில் டீச்சர்.

"சனிக்கிழமைக்குள்ள வந்து வாங்கிக்குங்க டீச்சர். ஒருவேளை நாங்க ஊரைவிட்டுக் கிளம்ப வேண்டி வரலாம்."

"ஏம்மா? கடிதம் கொடுத்தேனே, பத்தலையா?"

"நல்லா எழுதியிருந்தீங்க. ஆனா ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு தொழில் சொல்லியிருக்காங்க, அதான் அந்தம்மாவுக்கு சந்தேகம் வந்துடுச்சு. நீங்க கவலைப்படாதீங்க. நான் வாயைத் திறக்கல. உங்களை யாரும் கேக்க மாட்டாங்க."

"எப்போ கடைசி நாள்?" என்றார். வெள்ளிக்கிழமை மூன்று மணி என்றேன். சரி என்று வைத்துவிட்டார்.

மற்ற இருவரிடமும் இதையே சொன்னேன். பாட்டுக்காரம்மா கடைசி நாளைக்கூடக் கேட்கவில்லை. நானாகவே நாளையும் நேரத்தையும் சொன்னேன். "ம்... ம்..." என்றவர் இரண்டு தடவை தொண்டையைக் கனைத்துக்கொண்டார். செக்கர்தான் ஒரு கேள்வி கேட்டார்.

"அப்ப இந்த வருஷ நரை? காதோரம் எட்டு சேர்க்கணும்னு சொன்னியே தங்கச்சி."

"வேற யாராவது நல்ல ஆளாப் பார்த்துக்குங்க அண்ணா."

"வேற யாருக்குத் தெரியும், எந்தப் பக்கம் எத்தனைன்னு?"

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குள் விசா அலுவலகத்துக்குப் போக வேண்டும், முடிந்தால் சாயங்காலம் வந்து போட்டுத் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்கு, தலைக்கட்டையையும் அரைகுறை விக்கையும் கொக்கி ஊசியையும் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். ஒத்துப்போகிற மாதிரி கொண்டுபோக என்னிடம் இருந்தது என் கை வேலை மட்டும்தான். அந்தம்மா முன்னால் உட்கார்ந்து நாலு முடிச்சுப் போட்டுக் காட்டலாம், நம்பினால் நம்பட்டும் என்று நினைத்தேன். வீட்டுக்காரர் லீவு போட்டுவிட்டு வருகிறேன் என்றார். வேண்டாம் என்றேன். அவர் பார்க்க அழ எனக்கு விருப்பமில்லை.

காத்திருக்கும் கூடத்தில் நான்கு வரிசை பிளாஸ்டிக் நாற்காலி. டோக்கன் எடுத்துக்கொண்டு திரும்பினேன். கடைசி வரிசையில் மூன்று தலை. மூன்றும் என் கை.

ஒரு ஓரத்தில் டீச்சர், மடியில் கைப்பை. ஒரு நாற்காலி விட்டுச் செக்கர், சீருடையில், தொப்பி மடியில். இன்னும் இரண்டு தள்ளிப் பாட்டுக்காரம்மா, கறுப்புக் கண்ணாடியோடு. ஒருவரை ஒருவர் அவர்களுக்குத் தெரியாது. நான் உள்ளே வந்ததை மூன்று பேரும் பார்த்தார்கள். உடனே டீச்சர் கடிகாரத்தைப் பார்த்தார், செக்கர் தரையைப் பார்த்தார், பாட்டுக்காரம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். வெளியிடத்தில் எங்கள் வழக்கம் அதுதானே. நானும் போய் முதல் வரிசையில், அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

எதற்கு வந்திருக்கிறார்கள்? கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளவா? பொய் எழுதிக் கொடுத்ததற்கு வில்லங்கம் வரும் என்று பயந்து, இந்தப் பெண்ணை எங்களுக்குத் தெரியவே தெரியாது என்று சொல்லிவிட்டுப் போகவா? அப்படிச் சொன்னாலும் அவர்கள்மேல் தப்பு சொல்ல முடியாது. திரும்பிப் பார்த்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கக் கூடாது என்று நானேதான் எட்டு வருடமாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

முதலில் டீச்சர் டோக்கனைக் கூப்பிட்டார்கள். அவர் ஐம்பத்தாறின் அறைக்குள் போனார். கதவு சாத்திக்கொண்டது. ஏழெட்டு நிமிடம் கழித்து வெளியே வந்தவர் நேராக நடந்து தண்ணீர் ஃபில்டர் பக்கம் போய் நின்றார். நான் ஓரக்கண்ணால் பார்த்தேன். நெற்றியில் முடி ஆரம்பிக்கிற இடம் ஒரு விரல்கடை கீழே இறங்கியிருந்தது.

காலையில் நான் சொல்லிக்கொடுத்தபடி கண்ணாடி முன்னால் ஒட்டிக்கொண்டு வந்தவருக்கு அது ஏன் இறங்க வேண்டும்? கழற்றாமல் இறங்காது.

அடுத்து செக்கர். அவர் உள்ளே இருந்தபோது ஒரு இருமலும், ஒரு நாற்காலி நகர்கிற சத்தமும் கேட்டது. வெளியே வந்தார். வகிடு இடது பக்கம் இருக்க வேண்டியது, கிட்டத்தட்ட நடு மண்டைக்கு வந்திருந்தது. பின்னால் இருக்க வேண்டிய சுழி காதுக்கு மேலே. அந்த மனிதர் அது தெரியாமல், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஃபில்டர் பக்கம் போய், டீச்சருக்கு அந்தப் பக்கம் நின்று தண்ணீர் குடித்தார். கூடத்தில் இருந்த ஒருவர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து போய்ச் சரிசெய்யக் கை பரபரத்தது. நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பாட்டுக்காரம்மா உள்ளே போனவர் சீக்கிரமே வந்துவிட்டார். கறுப்புக் கண்ணாடி இல்லை. விக்கும் தலையில் இல்லை. அதைக் கையில் வைத்திருந்தார். சின்ன வயதுக் காய்ச்சலில் போய், திட்டுத் திட்டாக மட்டும் முளைத்த தலை. மாதம் ஒருமுறை மூடின கதவுக்குப் பின்னால் நான் மட்டும் பார்க்கிற தலை. கூடத்தில் பேச்சு நின்றுபோனது. அவர் நேராக என்னிடம் வந்து, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"இதைக் கொஞ்சம் வச்சு விடுங்கக்கா. முகம் பார்க்கற கண்ணாடி இல்லாம எனக்கு சரியா வைக்க வராது."

மேடையில் பாடுகிற அதே குரல். கடைசி வரிசைவரை கேட்டிருக்கும்.

நான் எழுந்தேன். பையிலிருந்து சீப்பையும் ஒட்டுப் பட்டையையும் எடுத்தேன். புருவத்திலிருந்து நான்கு விரல் அளந்து, முன்பக்கத்தை வைத்து அழுத்தி, பின்னால் இழுத்துவிட்டு, காதோரத்தைப் படியவைத்தேன். ஆயிரம் தடவை செய்த வேலை. நாலு பேர் பார்க்கச் செய்வது அதுதான் முதல் தடவை. கண் மங்கிக்கொண்டே வந்தது, ஆனால் கை தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது.

நிமிர்ந்தால், ஃபில்டர் பக்கத்திலிருந்து செக்கர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ ஒரு கணக்கு அவருக்கு மெதுவாகப் புரிந்துகொண்டிருப்பது முகத்தில் தெரிந்தது. தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார்.

"தங்கச்சி, என்னோடதும் ஏதோ ஒரு மாதிரி இருக்கு."

"ஒரு மாதிரியா? முன்பக்கம் காதுகிட்ட இருக்கு அண்ணா. உட்காருங்க."

பாட்டுக்காரம்மா சிரித்துவிட்டார். எனக்குத்தான் சிரிப்பா அழுகையா என்று பிடிபடவில்லை. செக்கரின் முடியை நான் திருப்பி வைத்துக்கொண்டிருக்கும்போதே மூன்றாவது நாற்காலி இழுபடுகிற சத்தம் கேட்டது. டீச்சர் வந்து உட்கார்ந்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, தன் முறைக்காகக் காத்திருந்தார். செக்கர் அவர் நெற்றியை உற்றுப் பார்த்தார்.

"உங்களுக்குமா? நான் சொந்த முடின்னுல்ல நினைச்சேன்."

"நான் உங்களை அப்படி நினைக்கலை" என்றார் டீச்சர். "சுழி காதுல இருந்தது."

கதவு திறந்து ஐம்பத்தாறு வாசலில் வந்து நின்றார். வரிசையாக மூன்று தலை, அதில் ஒன்றின் மேல் குனிந்து சீப்பும் கையுமாக நான். நான் டீச்சரின் நெற்றியோரத்தை முடித்துவிட்டு நிமிர்கிற வரைக்கும் அவர் கூப்பிடவில்லை.

"உள்ள வாங்க" என்றார் பிறகு.

உள்ளே போனதும் அவர் முத்திரையைத்தான் முதலில் எடுத்தார். மை தொட்டார். வைத்தார். இரண்டு இடத்தில் கையெழுத்துப் போட்டார். நான் பையிலிருந்து தலைக்கட்டையை எடுத்து மேசைமேல் வைத்தபடி நின்றுகொண்டிருந்தேன். அதற்கு இனி வேலை இல்லை என்று எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது.

"ரெண்டு வருஷம். அப்புறம் புதுப்பிச்சுக்கலாம். வீட்டுக்காரருக்கும் பொண்ணுக்கும் இதுலயே சேர்த்திருக்கேன்" என்றார். "முதல்ல வந்தவங்க கழட்டினதும் நான் எழுந்தே நின்னுட்டேன். அடுத்தவர் வந்தப்ப இவராவது தொப்பி விஷயமா வந்திருப்பாருன்னு நினைச்சேன்."

"ஃபைல்ல என்ன எழுதியிருக்கீங்க மேடம்?"

"வாடிக்கையாளர்கள் நேரில் வந்து உறுதிசெய்தனர்னு. அவ்வளவுதான் எழுதணும்னு விதி. எதைக் காட்டினாங்கன்னு எழுதச் சொல்லி எங்கயும் இல்ல." மூன்று கடிதங்களையும் மடித்து என் பக்கம் தள்ளினார். "இதை நீங்களே வச்சுக்குங்க. இதுல இருக்கறது எதுவும் இந்த விண்ணப்பத்துக்குச் சம்பந்தமில்ல."

நன்றி என்று சொன்னேனா என்றுகூட நினைவில்லை. வெளியே வந்தபோது கடைசி வரிசை காலியாக இருந்தது. மாடிப்படி இறங்கிச் சாலைக்கு வந்தேன். பேருந்து நிறுத்தத்தில் டீச்சர் நின்றிருந்தார். நான் பழக்கத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். "என்னாச்சும்மா?" என்று சத்தமாகக் கேட்டார் அவர். கிடைத்துவிட்டது என்று தலையை ஆட்டினேன். அவர் பேருந்து வந்தது. ஏறிப் போய்விட்டார், ஜன்னல் வழியாகக் கையை ஆட்டிக்கொண்டே.

வீட்டுக்குப் போன் செய்தேன். மகள்தான் எடுத்தாள்.

"படிக்கறியா?"

"என்னம்மா ஆச்சு? சொல்லு முதல்ல."

"படி. பரீட்சை இங்கதான்."

அந்தப் பக்கம் போன் கீழே விழுந்த சத்தம், "அப்பா" என்று அவள் ஓடுகிற சத்தம். பிறகு வீட்டுக்காரர் வந்து, "கிடைச்சுடுச்சா? நிஜமாவா?" என்று நான்கு தடவை கேட்டார். ஐந்தாவது தடவைக்கு என் பேருந்து வந்துவிட்டது.

இத்தனை நாளாகச் சரியாக மூச்சு விடவில்லை என்பது ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது. காற்று வந்து முகத்தில் அடித்தது. தேர்வு இருக்கிறது, சமையலறைக்குப் பக்கத்து அறை இருக்கிறது, பாதியில் நிற்கிற விக் இருக்கிறது. நாளைக்கு எழுந்தால் வேலை இருக்கிறது. அதைவிட வேறென்ன வேண்டும் என்று இருந்தது.

மாலிஷ் கடிதத்தை மட்டும் ஐம்பத்தாறு படித்துக்காட்டவில்லையே என்று எடுத்துப் பிரித்தேன். நான்கே வரி.

"இவர் எனக்கு மாலிஷ் செய்கிறவர். இவர் கை பட்ட பிறகுதான் மேடை ஏற எனக்குத் தைரியம் வந்தது. தயவுசெய்து இவரை அனுப்பிவிடாதீர்கள். இவர் போய்விட்டால் எனக்கு வயதே ஆகாது."

கடைசி வரிக்குப் பக்கத்தில் ஐம்பத்தாறு பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டு, பிறகு அதை ரப்பரால் அழித்திருந்தார். தடம் மட்டும் தெரிந்தது.

பேருந்து என்றும் பார்க்காமல் அழுதேன். பக்கத்தில் இருந்த பெண், "ஏதாவது கெட்ட சேதியா?" என்று கேட்டார். இல்லை என்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு நோட்டை எடுத்தேன். செக்கர், காதோரம் எட்டு, இன்றைக்குச் சாயங்காலம் என்று எழுதினேன். அதற்குக் கீழே, பாட்டுக்காரம்மா, ஐம்பத்து நான்கு, இந்த வருடம் வகிட்டோரம் பன்னிரண்டு.

பக்கத்துப் பெண் நோட்டை எட்டிப் பார்த்தார். "நீங்க என்ன வேலை பாக்கறீங்க?" என்றார்.

வழக்கம்போல் தையல் என்று சொல்ல வாயெடுத்தேன்.

"விக் செய்யறேன்" என்றேன். "சொந்தத் தொழில்."